ஊத்துக்கரட்டில் ஆட்டம் நின்ற இருபது மாதங்கள்

பங்குனி மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள் ஊத்துக்கரட்டுக் கோழிகள் இட்ட முட்டைகள் அத்தனையும் ஐம்பத்துநாலு கிராம் எடை இருந்தன. ஐம்பத்துமூன்றரை இல்லை, ஐம்பத்தைந்து இல்லை. அத்தியப்பன் பண்ணையின் நாற்பதாயிரம் கோழியும் சரி, கரட்டடியில் ஐம்பது நூறு என்று வைத்துப் பிழைக்கிறவர்களின் கோழியும் சரி, சொல்லி வைத்தாற்போல ஐம்பத்துநாலு. தராசு கெட்டுவிட்டது என்று அத்தியப்பன் நாமக்கல்லுக்கு ஆளனுப்பிப் புதுத் தராசு வாங்கி வந்தார். புதுத் தராசும் அதையே சொன்னது. எடை தெரிந்த பிறகு எதற்கு நிறுப்பது என்று இரண்டையும் தீவன மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

அது முட்டையோடு நிற்கவில்லை. காசைச் சுண்டினால் பூ, தலை, பூ, தலை என்று முறைவைத்து விழுந்தது. தாயக்கட்டையை உருட்டினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை தப்பாமல் விழுந்ததால் பெண்கள் விளையாட்டை மூட்டைகட்டி வைத்துவிட்டு மதியத்தில் தூங்கப் பழகினார்கள். ஒரு நாள் எட்டேகால், ஒரு நாள் எட்டே முக்கால் என்று வந்து எங்கள் வாயில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த டவுன் பஸ் நாள் தவறாமல் எட்டு இருபத்தாறுக்கு வந்து நின்றது. வேட்டிக்குச் சொட்டு நீலம் விட்டால், விட்ட சொட்டு பரவாமல் வாளித் தண்ணீருக்குள் பொட்டாகவே நின்றது, கையைவிட்டுக் கலக்கினால்தான் கரைந்தது. காப்பியின் மணம் டம்ளர் விளிம்பைத் தாண்டி வரவில்லை. ஓட்டுச் சந்து வழியாக விழுகிற வெயிலில் தூசிகள் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றன. வானம்கூட எங்களுக்கென்று தனிக் கணக்குப் போட்டுக்கொண்டது. வருஷத்துக்கு எழுநூற்று முப்பது மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. அதை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்து, தினமும் நாலு மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் தூறிவிட்டுப் போனது. முதல் வாரம் கோயிலில் கூடிப் பேசினோம். இரண்டாவது வாரம் மூன்றே முக்காலுக்குத் துணி எடுக்கப் பழகிக்கொண்டோம்.

என்ன ஆயிற்று என்று எங்களுக்குச் சொன்னவள் கனகாம்பரம். தீவன மில்லில் மக்காச்சோளத்துக்கு ஈரம் பார்க்கிற வேலை செய்கிறவள், இயற்பியலில் பெரிய படிப்புப் படித்தவள், அந்தப் படிப்புக்கு எங்கள் பக்கத்தில் கிடைத்த வேலை அதுதான். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே சொன்னாள்.

"எந்தக் கணக்குப் போட்டாலும் கடைசியில ஒரு எழுத்தச் சேத்துவமுங்க. நமக்குத் தெரியாத காத்து, சூடு, மேல வந்து மோதற தூசி, கோழிக்கு வந்த கோவம், எல்லாத்துக்கும் சேத்து அந்த ஒத்த எழுத்து. அது இந்தப் பக்கமும் ஆடும், அந்தப் பக்கமும் ஆடும். புஸ்தகத்துல அதுக்கு இரைச்சல்னு பேரு. நம்மூருல அந்த எழுத்தக் காணோமுங்க."

இரைச்சல் என்ற பேர் எங்களுக்கு ஒட்டவில்லை. ஆட்டம் என்று வைத்துக்கொண்டோம். ஊரில் ஆட்டம் நின்றுபோய்விட்டது என்றால் எல்லாருக்கும் புரிந்தது.

போன ஆட்டம் எங்கே போயிற்று என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. நோம்பியன்று அத்தியப்பன் மாரியம்மனுக்கு ஒரு கோழி நேர்ந்துவிட்டிருந்தார். முட்டை ஓய்ந்த பண்ணைக் கோழி, கொண்டை சாய்ந்தது. அம்மனுக்கு விட்ட கோழி தன்பாட்டுக்குத் திரியவேண்டும், யாரும் பிடிக்கக்கூடாது, அடைக்கக்கூடாது, அதுதான் வழக்கம். ஆனால் கோயிலடியில் நாய்கள் இருந்தன. அத்தியப்பன் பண்ணையிலிருந்து ஒரு கம்பிக் கூண்டைக் கொண்டுவந்து கோழியை உள்ளே விட்டு, கொக்கி போட்டு, தண்ணீர்க் குழாயும் மாட்டிவிட்டுத்தான் கும்பிடு போட்டார். கோழி என்றால் கூண்டு, எங்கள் கை அப்படிப் பழகிவிட்டது. தவறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அன்றிலிருந்து ஊரின் ஆட்டமெல்லாம் அந்தக் கோழிக்குள் போய் அடைந்துகொண்டது. ஒரு நாள் கடுகளவு முட்டை இட்டது, ஒரு நாள் பூசணிக்காய் அளவு. ஒரு நாள் நீலம், ஒரு நாள் ஓடே இல்லாமல் வெறும் வெளிச்சம்போல ஒன்று. மதியம் கூவியது. அதன் நிழல் வெயிலுக்கு எதிராகவும் விழுந்தது. இடது மூலையில் நிற்கிறதே என்று பார்த்தால் வலது மூலையில் நின்றது, கூண்டு சில நேரம் ஒரு முழம் எழும்பி இறங்கியது. பூசாரி ஒண்டியப்பன் மட்டும் காலையில் ஒரு பிடி கம்பைப் போட்டுவிட்டு, கொக்கியில் கை படாமல் விலகி வந்துவிடுவார்.

உண்மையைச் சொன்னால், எங்களுக்கு இது பிடித்துப்போயிற்று. சித்திரை வெயிலில் ஷெட்டுக்கு ஆயிரம் கோழி செத்து விழும், அந்த வருஷம் ஒன்று விழவில்லை. பாலத்து வளைவில் வண்டி கவிழவில்லை. காய்ச்சல் என்றால் ஐந்து நாள், அம்மை என்றால் ஒன்பது நாள், யாரும் ஆறாவது நாளோ பத்தாவது நாளோ பயந்துகொண்டு உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் ஐம்பத்தெட்டு மார்க் வாங்கினார்கள், வாத்தியார் ஒரு தாளைத் திருத்திவிட்டு மிச்சத்தை எடுத்து வைத்துவிட்டார். அம்மனிடம் பூக் கேட்பதுகூட ஒழுங்குக்கு வந்துவிட்டது. வெள்ளை அரளி ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்து, குலுக்கிப் போட்டு, கேட்கிறவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இப்போது வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மாறி மாறி வந்தது. உத்தரவு வேண்டுமென்றால் சிவப்பு வாங்கியவருக்குப் பின்னால் நின்றால் போதும். எதிர்வீட்டு வரனைத் தட்டிக்கழிக்க நினைத்தவர்கள் "நீங்க முன்னால போங்க, நான் அப்பறம் கேட்டுக்கறேன்" என்று வழிவிட்டு நின்ற அழகை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வந்தது அம்மன் வாக்குதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பொங்கியண்ணன் கதை ஆவணியில் ஆரம்பித்தது. கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவர், ஐம்பது வயது, பாலக்காட்டுக் கணவாயில் எதிர்க்காற்றைத் திட்டியே தொண்டை பெருத்தவர். மூச்சு வாங்குகிறது என்று சேலத்தில் போய்க் காட்டினார். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது, மருந்து கிடையாது, வேகத்தைத்தான் குறைக்கலாம் என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று அவர் மனைவி மைனாவதி கேட்டாள். மைனாவதி அத்தியப்பன் பண்ணையில் முட்டையைத் தட்டில் அடுக்குகிறவள், நேராகக் கேட்டு நேராகப் பதில் வாங்குகிறவள்.

"சராசரியா பதினெட்டு மாசம்மா. கூடவும் இருப்பாங்க, குறையவும் இருப்பாங்க" என்றார் டாக்டர்.

வேறு ஊர்க்காரி என்றால் அந்தக் கடைசி வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு வீடு வந்திருப்பாள். மைனாவதிக்குத் தன் ஊரில் கூடவும் கிடையாது குறையவும் கிடையாது என்று தெரியும். மூன்று மாதம் என்று சொல்லி அனுப்பப்பட்ட எங்கள் ரங்கநாயகி தொண்ணூறாவது நாள், தலை வாரிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்ததை அவள் கூட இருந்து பார்த்திருந்தாள். பஸ்ஸில் வரும்போதே விரல் மடக்கி எண்ணிவிட்டாள். ஆவணி பத்திலிருந்து பதினெட்டு மாதம், அடுத்த வருஷம் மாசி பத்து.

ஊரைவிட்டுப் போயும் பார்த்தார்கள். கரூரில் அவள் தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்தார்கள். அங்கே எல்லார் கையிலும் காசு இஷ்டத்துக்கு விழுந்தது, பொங்கியண்ணன் சுண்டினால் மட்டும் பூ, தலை, பூ, தலை. அது ஊர்க்காரர்களின் உடம்போடு ஒட்டி வந்தது. திரும்பி வந்துவிட்டார்கள்.

பிறகு நாங்கள் நடந்துகொண்டதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லவேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தேதி தெரிந்த மனிதரிடம் எப்படிப் பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த மாசி தாண்டிப் பங்குனியில் கல்யாணம் வைத்தவர்கள் பத்திரிகையில் மைனாவதி பேரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பங்காளி ஒருவன் வந்து, "மாசி பத்துக்கு மேல வண்டி சும்மாத்தானுங்களே நிக்கும்" என்று மோட்டார் சைக்கிளை விலை பேசினான். தையல்காரர் சட்டைக்கு அளவெடுத்துவிட்டு, "ஒண்ணு போதுமுங்களா?" என்று கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் மாசிபத்துக்காரர் என்று சொன்னோம், பிறகு அது பேராகவே ஆகிவிட்டது. பொங்கியண்ணன் எல்லாவற்றுக்கும் சிரித்தார், சிரித்தால் இருமல் வந்தது. மைனாவதி சிரிக்கவில்லை. அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் மனசுக்குள் எண் ஓடியது. நானூற்றுப் பத்து, நானூற்று ஒன்பது, சாம்பாரா ரசமா, நானூற்று எட்டு. ஒரு நாள் கரண்டியைத் தரையில் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதாள்.

இரண்டாவது வருஷம் ஐப்பசியில், மைனாவதி வாசலில் உலர்த்தியிருந்த அரிசி மாவில் கனகாம்பரம் விரலால் ஒரு கரடு வரைந்தாள். நடுவில் உயரமாக, இரண்டு பக்கமும் சரிந்து போகிற கரடு.

"நடுவுல இருக்கறது சராசரிங்கக்கா. நெறையப் பேரு அங்கதான். ஆனா ரெண்டு பக்கமும் பாருங்க, வால் மாதிரி எளச்சுக்கிட்டே போகுது. டாக்டரு சொன்ன கூடக் கொறைய இந்த வாலுதான். நம்மூருல வாலு இல்லீங்க, கரடே ஊசியாட்டம் ஆயிப்போச்சு."

"வாலு எவ்வளவு தூரம் போவும் கனகு?"

"அதத்தான் படிச்சமுங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத துகளா இருந்தா வாலு மெலிசு, சீக்கிரம் அத்துப்போயிரும். ஆனா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, இங்க இழுத்தா எங்கயோ அசையுதுன்னு இருக்கற எடத்துல வாலு கனமா, ரொம்ப தூரத்துக்குப் போகும். நடக்கவே நடக்காதுங்கறது அங்க அப்பப்ப நடக்கும். அதுக்குன்னு பழைய கணக்கையே மாத்தி வேற எழுதியிருக்கறாங்க." கனகாம்பரம் மாவைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். "வாலு ரெண்டு பக்கமும் உண்டுங்கக்கா. அத மறந்துராதீங்க."

மறுநாள் மதியம் ஆளில்லாத நேரம் மைனாவதி கோயிலுக்குப் போனாள். கூண்டுக்குள் கோழி ஒரே நேரத்தில் தூங்கிக்கொண்டும் கொத்திக்கொண்டும் இருந்தது. கொக்கியில் கையை வைத்தாள். அப்போதுதான் அம்மனைச் சுற்றிக்கொண்டிருந்த செல்லக்கிளியைப் பார்த்தாள். ஊரில் ஆட்டம் இருந்த காலத்தில் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்த பெண் அவள். இப்போது ஆறு மாதம். ஆட்டம் இல்லாத ஊரில் பிள்ளை எப்படியும் நல்லபடி பிறக்கும் என்று, அந்தப் பிள்ளைகளை இழந்த பிறகு முதல் முறையாகக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். வளையல் சத்தம் பிரகாரத்தைச் சுற்றி வந்தது. மைனாவதி கையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள், ஊரைக் கேட்கப் போகிறேன் என்று.

"ஏ மைனா, என்ன ஒருத்தனுக்காக ஊரையே ஆட்டி வெக்கோணுமா?" என்றார் பொங்கியண்ணன்.

"ஆமாங்க. ஆட்டோணும். மாட்டேன்னா அவங்க வாயால மாட்டேன்னு சொல்லட்டும்."

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை காலை ஊர் கூடியது. மைனாவதி அரசமரத்தடியில் நின்று பேசினாள். "யாருக்கும் தெரியாமத் தொறந்திருக்கலாமுங்க. கொக்கியில கைய வெச்சுப்போட்டுத்தான் திரும்பி வந்தேன். ஆட்டம் வந்தா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். உங்க கோழி சாவும். வளைவுல வண்டி கவுந்துரும். என்ற வீட்டுக்காரரே மாசி வரைக்கும் இல்லாம நாளைக்குப் போனாலும் போயிருவாரு." செல்லக்கிளி இருந்த பக்கம் பார்த்தாள், அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆனா ஒரு தேதியக் கையில வெச்சுக்கிட்டு மனுசனுக்குச் சோறு போட முடியலீங்க. அவ்வளவுதானுங்க."

அத்தியப்பன் தன் செருப்பின் வாரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், முடியாது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. சரி என்று சொல்லவும் இல்லை. கடைசியில் பூசாரி ஒண்டியப்பன், "அம்மாகிட்டயே கேட்டுப்போடலாமுங்க. நாளைக்கு உச்சிப் பூசைக்குப் பூப் போடலாம். அதுவரைக்கும் வேற யாரும் பூக் கேக்கவேண்டாம்" என்றார். எல்லாரும் மூச்சு விட்டோம். அன்று காலைதான் புது போர்வெல் போடலாமா என்று கேட்டு வெள்ளை வந்திருந்தது. அப்படியென்றால் நாளைக்கு வருவது சிவப்பு. இது ஊரில் பால் குடிக்கிற குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். மைனாவதிக்கும் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் உச்சிப் பூசைக்கு ஊரே நின்றது. இலை மடிப்பு இரண்டையும் ஒண்டியப்பன் குலுக்கிப் போட்டார். மைனாவதி குனிந்து, எதை எடுத்தால் என்ன என்பதுபோல ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை அரளி.

நாங்கள் வாயைப் பிளந்தோம். அத்தியப்பன் வாயைப் பிளந்தார், தையல்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், மோட்டார் சைக்கிளை விலை பேசிய பங்காளி "அம்மா தாயே" என்று தரையில் விழுந்தான். அந்த ஆச்சரியத்தில் கொஞ்சம் நடிப்பு கலந்திருந்ததை அன்று யாரும் கவனிக்கவில்லை. அவரவர் நடிப்பை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நடந்தது என்ன என்று ஒண்டியப்பன் தை மாதத்தில்தான் வாய் திறந்தார். வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் அத்தியப்பன் கோயிலுக்கு வந்திருக்கிறார். "ஒண்டி, ஒரே ஒரு பூ. மீசைய எடுத்துப்போடலாமான்னு கேக்கோணும்" என்றிருக்கிறார். சிவப்பு வந்தது. மீசை தப்பித்தது, நாளைக்கு வெள்ளை என்ற திருப்தியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தியப்பன் போய்விட்டார். அரை மணி கழித்துத் தையல்காரர் வந்தார், ஊசிக்கு எண்ணெய் போடலாமா என்று கேட்க. அவருக்கு வெள்ளை. வந்த காரியத்தைத் தானே கெடுத்துவிட்டது தெரியாமல், எப்படியும் ஒரு பூவைக் கழித்தாயிற்று என்று அவரும் நிம்மதியாகப் போனார். பிறகு பங்காளி. பிறகு வாத்தியார். விடியக்காலை வரைக்கும் ஒவ்வொருவராக, ஒருவருக்கொருவர் தெரியாமல், தான் ஒருவன் மட்டும்தான் அந்தச் சிவப்பை எடுத்து வீணாக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நானும் போயிருந்தேன். குடை வாங்கலாமா என்று கேட்டேன், வெள்ளை வந்தது, என்னவோ தப்பாக இருக்கிறதே என்று குழம்பினேன், ஆனால் கேட்க வாய் வரவில்லை. குடை இன்னும் வாங்கவில்லை.

கடைசியாக வந்தவள் செல்லக்கிளி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாளாம்.

"கண்ணு, உனக்கு என்ன கேக்கோணும்? பிள்ளையப் பத்தியா?" என்று ஒண்டியப்பன் கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க சாமி. அதக் கேக்கலீங்க. இன்னிக்குக் கீரை கடையலாமான்னு கேட்டுக்கறேன்."

வெள்ளை வந்தது. அவள் போன பிறகு ஒண்டியப்பன் தரையில் கிடந்த இலைகளைப் பொறுக்கி எண்ணியிருக்கிறார். பதினாலு பேர். பதினாலு பேரும் சேர்ந்து, சுற்றிச் சுற்றி, மறுபடியும் சிவப்பிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். தனித்தனியாகச் செய்த நல்ல காரியமெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிட்டிருந்தது. ஒண்டியப்பன் கொஞ்ச நேரம் அம்மனைப் பார்த்தார். பிறகு தானே இரண்டு இலையை மடித்துக் குலுக்கிப் போட்டு, "தாயி, நான் இன்னிக்குச் சோறு திங்கலாமா?" என்று கேட்டு எடுத்தார். சிவப்பு. அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீரோடு கிடந்தார். சர்க்கரை வியாதிக்காரர், பூசை முடிந்து மயங்கி விழுந்ததை நாங்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டோம்.

அன்றைக்கு வெள்ளை வந்ததும் கூண்டின் கொக்கியைத் திறந்தது அத்தியப்பன். கோழி வெளியே வந்து, இறகை உதறி, அம்மன் வாசலில் ஒரு தடவை எச்சமிட்டுவிட்டு, சாதாரணக் கோழியாகத் தெருவில் நடந்து போனது. முதலில் எங்களுக்குத் தெரிந்தது மணம்தான். எதிர்ச்சாரி டீக்கடையில் வடை வேகிற மணம் தெருவைக் கடந்து கூட்டத்துக்குள் வந்தது, இருபது மாதம் கழித்து. பெரியவர்கள் சிலர் அழுதார்கள். நாலு மணிக்கு வரவேண்டிய தூறல் வரவில்லை. ஆறு மணிக்கு அடித்துக்கொண்டு வந்து எல்லார் துணியையும் நனைத்தது.

ஆட்டம் சும்மா வரவில்லை, அதையும் சொல்லவேண்டும். மார்கழியில் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து அத்தியப்பனுக்கு ஆறாயிரம் கோழி போயிற்று. பாலத்து வளைவில் பால்காரர் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். ஒரு நாள் டீக்கடையில் அத்தியப்பன், "ஒரு ஆளுக்கு ஆறாயிரம் கோழி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன வாயோடு எழுந்துபோய், சூப்பு வைக்க ஒரு நாட்டுக்கோழியைப் பிடித்துக் காலைக் கட்டி மைனாவதி வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போனார். தையில் செல்லக்கிளிக்கு இரண்டு நாள் வலி எடுத்தது. அந்த இரண்டு நாளும் மைனாவதி நாமக்கல் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை, பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாவது நாள் காலை பெண் குழந்தை பிறந்தது, பிறந்து ஒரு நிமிஷம் அழவில்லை, பிறகு அழுதது. மைனாவதி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பொங்கியண்ணனுக்குத் தையில் ஒரு வாரம் மூச்சு மிகவும் மோசமாக இருந்தது. முகம் கறுத்துவிட்டது. மைனாவதி கனகாம்பரம் சொன்ன மறுபக்கத்து வாலை நினைத்துக்கொண்டு இரவும் பகலும் அவர் மார்பிலேயே கண்ணாக இருந்தாள். பிறகு தெளிந்தார். ஏன் மோசமானது, ஏன் தெளிந்தது என்று சேலத்து டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மாசி பத்து வந்தது. காலையிலிருந்தே ஊரில் எல்லாருக்கும் அந்தத் தெருவில் ஏதோ வேலை இருந்தது. தையல்காரர் பட்டன் தேடிக்கொண்டு வந்தார். வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்திசையில் நடந்து வந்தார். பாடை கட்டுகிற முனியன் இரண்டு பச்சை மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வேலி ஓரமாக மறைத்து நின்றான். பொங்கியண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். டாக்டர் சொன்னது மாலை நாலு மணிக்கு என்பதால் நாலு மணிக்குத் தெருவே அடைத்துக்கொண்டது. மைனாவதி நிலைப்படியில் நின்று அவர் சட்டையின் இரண்டாவது பட்டனையே பார்த்தாள். அது ஏறியது. இறங்கியது. கொஞ்ச நேரம் ஏறவில்லை. பிறகு ஏறியது.

நாலேகாலுக்கு அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்னடா முனியா, மூங்கிலு?"

முனியன் மூங்கிலைத் தரையில் இறக்கினான். "அவரைப் பந்தலுக்குங்க மாமா."

"ரெண்டு மூங்கில்ல எந்த ஊர்லடா பந்தல் போடறாங்க? இன்னும் நாலு வெட்டிக்கிட்டு வா, என்ற வீட்டுக் கொல்லையிலயே போடு" என்றார் பொங்கியண்ணன். சிரிப்பு அவருக்கு இருமலாக வந்தது, எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பொழுது சாய்கிற வரைக்கும் யாரும் கலையவில்லை. கடைசியாகப் போன கனகாம்பரத்தை மைனாவதி வேலியடியில் நிறுத்தி, "இனி எப்பன்னு கணக்கு இருக்குதா கனகு?" என்று கேட்டாள். "இல்லீங்கக்கா" என்றாள் கனகாம்பரம்.

மைனாவதி உள்ளே போனாள். அடுப்படியில் விளக்கைப் போட்டாள். இட்லிக்கு அரிசி ஊறப்போட வேண்டும். படியைக் கையில் எடுத்தவள் அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பத்தாம் தேதிக்கு மேல் அவள் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஏனுங்க, எத்தன நாளைக்கு ஊறப்போடட்டும்?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

வாசலில் நாற்காலி கிறீச்சிட்டது. எதற்கும் உடனே ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர் உட்கார்ந்தபடியே உள்பக்கம் திரும்பினார்.

"தெரியலையே மைனா" என்றார்.

அவள் படியைத் தலைதட்டாமல், கோபுரமாக அள்ளி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாத்திரத்தில் கொட்டினாள். ஓரத்தில் வழிந்து தரையில் விழுந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதையும் போட்டாள்.